சத்தம் போடாத வண்டி

ஓசூரில் தயாராகும் ஐக்யூப், ஏத்தர் போன்ற மின் ஸ்கூட்டர் வீட்டுக்கு வந்தால் முதலில் மாறுவது வாசல்தான். சுவரில் புதிதாக ஒரு பிளக் பாயிண்ட் முளைக்கும். மூன்றாம் மாடி வாடகைக்காரர் பாடுதான் திண்டாட்டம்.

3 கிலோவாட் மணி பேட்டரி நிரம்ப மூன்றரை யூனிட் மின்சாரம் போதும். இன்ஜின் ஆயில் இல்லை, ஸ்பார்க் பிளக் இல்லை. ஆனால் டயரில் காற்று குறைந்தால் ரேஞ்சும் இறங்கிவிடும். பிரேக் பேட் மெதுவாகவே தேயும். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் மோட்டாரே வேகத்தைக் குறைத்து, கொஞ்சம் மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பிவிடுகிறது. மேம்பாலத்தில் இறங்கும்போது பின்னாலிருந்து யாரோ மெல்லப் பிடித்திழுப்பது போன்ற அந்த உணர்வு தனி ருசி.

வெயிலில் ஓடிவந்த வண்டியைச் சற்று ஆறவிட்டே சார்ஜில் போடுவார்கள், விவரம் தெரிந்தவர்கள்.

தெருநாய்தான் இன்னும் பழகவில்லை. ஹார்ன் அடிக்கும்வரை நடுத்தெருவில் படுத்தே கிடக்கிறது.