குலஸ்திரீயும் பத்தினியும்: எள்ளலின் திசை

மலையாளத்தில் 'குலஸ்திரீ' என்பது நெடுங்காலமாக உயர்வு குறித்து வழங்கிய சொல். வடமொழியிலிருந்து வந்தது, பகவத்கீதையின் முதல் இயலிலேயே காணப்படுவது. நற்குடியிற் பிறந்து இல்லறத்தின் எல்லையைக் கடவாத பெண் என்பது அதன் பொருள். இன்று கேரளத்தில் ஒரு பெண்ணை அவ்வாறு சுட்டினால் அதனைப் பாராட்டாகக் கொள்வார் அரியர். இதனை மொழிநூலார் இழிபொருட்பேறு என்பர். தமிழில் 'நாற்றம்' அடைந்த நிலையும் அதுவே. ஆயின் நாற்றத்தின் பொருளை எவரும் முனைந்து மாற்றவில்லை. குலஸ்திரீயின் மாற்றத்தில் பெண்ணியச் சிந்தனையின் பங்கு உண்டு.

திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தைச் சார்ந்த வரலாற்றறிஞரும் மொழிபெயர்ப்பாளருமான ஜெ. தேவிகா 2010இல் எழுதிய நூலின் தலைப்பு, 'குலஸ்திரீயும் சந்தப்பெண்ணும் உண்டாயதெங்ஙனெ?' என்பதாகும். தலைப்பின் விசை இறுதியில் நிற்கும் வினாவில் உள்ளது. இவ்விருவரும் எங்ஙனம் உண்டாயினர் என்று கேட்கும்போதே, இப்பாகுபாடு இயற்கையானதன்று, வரலாற்றில் ஆக்கப்பட்டது என்பது பெறப்படுகிறது. சந்தப்பெண்ணு என்பாள் சந்தையில் உரக்கப் பேசி வாழும் பெண், குலஸ்திரீக்கு எதிர்நிலை. ஒன்றின்றி மற்றொன்று பொருள்படாது.

2018 செப்டம்பர் 28இல் சபரிமலை வழக்கில் உச்ச நீதிமன்றம் அனைத்து வயதுப் பெண்களையும் அனுமதித்துத் தீர்ப்பளித்தது. அதனை எதிர்த்துப் பெண்களே தெருவில் இறங்கி நாமம் ஓதினர். அதன்பின் இச்சொல்லின் எள்ளல் வழக்கு சமூக ஊடகங்களில் பெருகிற்று. கசவுச் சேலை, சந்தனக் குறி, முல்லைப்பூ ஆகியவற்றோடு கூடிய கேலிச் சித்திரமாகவே குலஸ்திரீ நிலைபெற்றாள். ஆய்வாளரின் வினா வெகுமக்களின் வசையாயிற்று.

தமிழாக்குவோர்க்கு இடர் இங்குத்தான் தொடங்குகிறது. 'குலமகள்' என்று பெயர்த்தால் அகராதி நிறைவுறும், எள்ளல் மறையும். 'குலமகள் ராதை' (1963), 'குலவிளக்கு' (1969) எனத் திரைப்படங்களுக்குப் பெயராகிப் பெருமை பெற்ற சொற்குடும்பம் அது. இன்றும் அதன் மதிப்பு தமிழில் பெரிதும் கெடவில்லை. எள்ளல் வேண்டுமெனில் பேச்சுத் தமிழில் 'பத்தினி' உண்டே எனலாம். 'பெரிய பத்தினி, பேச வந்துவிட்டாள்' என்னும் ஏச்சு எவரும் அறிந்தது. ஆனால் இவ்விரண்டு எள்ளல்களின் திசை வேறு. பத்தினி என்று ஏசுவோர் அவளிடம் கற்பில்லை என்கின்றனர். கற்பின் மேன்மையை ஐயுறுவதில்லை. குலஸ்திரீ என்று ஏசுவோரோ, அவள் குலஸ்திரீயே என ஒப்புகின்றனர். அப்படியிருப்பதில் மேன்மை என்ன என்று நகைக்கின்றனர். முன்னது பண்பை மறுத்து மதிப்பைக் காக்கிறது. பின்னது பண்பை ஏற்று மதிப்பை மறுக்கிறது. ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைப்பின் பெண்ணிய வாக்கியம் பெண்ணியத்திற்கு எதிரானதாகிவிடும். குலஸ்திரீயை அவ்வாறே கடனாகக் கொண்டு, முதல் வருகையில் சூழலால் விளங்கவைப்பதே தக்கது.

இவ்வழக்கிலும் குறையில்லாமல் இல்லை. நகைப்பு அமைப்பின்மீது விழாமல், அவ்வமைப்புக்குள் வாழும் பெண்மீதே விழுகிறது. 'குலபுருஷன்' என ஆண்பாலுக்கும் விளையாட்டாகச் சொல் ஆக்கினர். அஃது அத்துணை வலுப்பெறவில்லை. அதனினும் கவனிக்கத்தக்கது, இணையின் மறுபாதி. குலஸ்திரீ தாழ்ந்தாள், சந்தப்பெண்ணு உயரவில்லை. உரத்துப் பேசும் பெண்ணை வாயடைக்க அச்சொல் இன்றும் பயன்படுகிறது. திருவனந்தபுரத்திலோ சந்தைப் பெண் வெறும் உருவகமல்லள். கடலோர ஊர்களிலிருந்து மீன்கூடை சுமந்து நகர்ச் சந்தைகளுக்கு வரும் பெண்கள் பலர். கூடையின் மணம் காரணமாகப் பேருந்தில் ஏற்றப்படாமல் நின்றவர்கள் அவர்கள். அவர்களுக்கென 'சமுத்ரா' என்னும் கட்டணமில்லாப் பேருந்துகளை அரசு இயக்கத் தொடங்கியது 2021இல்தான்.

சந்தப்பெண்ணைத் தமிழில் 'குழாயடிச் சண்டைக்காரி' எனப் பெயர்க்கலாம் என்று தோன்றலாம். இரைச்சல் பொருந்தும். எனினும் குழாயடிக்குப் பெண் செல்வது வீட்டுக்கு நீர் கொணர. சந்தைக்குச் செல்வது தன் உழைப்பால் பொருளீட்ட. மலையாளச் சொல்லின் வசையில் மறைந்திருப்பது அந்த ஈட்டலின்மீதான வெறுப்பு. 'சந்தைக்காரி' என்பதில் அது ஓரளவு எஞ்சும்.