உப்பிடும் பிரசங்கியார்

ஜான் ஸ்டைன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' (1939) பற்றிப் பேச ஆரம்பித்தாலே, யாராவது ஒருத்தர் ஜிம் கேஸியின் பெயரில் இருக்கும் ஜே, சி என்ற முதலெழுத்துகளைக் காட்டிவிடுவார். ஜீசஸ் கிரைஸ்ட்டுக்கும் அதே எழுத்துகள்தானே! சரி, இருக்கட்டும். அந்தக் கண்டுபிடிப்போடு கேஸியை மூடிவைத்துவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

எனக்கு அவர் முக்கியமாகப் படுவது வேறொரு இடத்தில். ஓக்லஹோமாவில் நிலத்தை இழந்த ஜோட் குடும்பம் கலிஃபோர்னியாவுக்குக் கிளம்புகிறது. பன்றிகளை அறுத்தாச்சு, வழிச்சாப்பாட்டுக்குக் கறியை உப்பிட்டு அடைக்க வேண்டும். பிரசங்கத்தை விட்டுவிட்ட கேஸி, அந்த வேலையை நான் பார்க்கிறேன் என்று அம்மாவிடம் வருகிறார். அது பொம்பளைங்க வேலையாச்சே என்று அவள் தயங்குகிறாள். எல்லாமே வேலைதான், அதைப் பிரித்துப் பார்க்க இங்கே நேரமில்லை என்று கேஸி உப்பில் கை வைக்கிறார். நம் ஊர் கிறிஸ்தவர்கள் போதகரின் பணியை 'ஊழியம்' என்பார்கள். கூலியில்லாமல் கிடந்து உழைப்பதற்கும் அதே சொல்தான். ஆங்கிலத்தில் ஸ்டைன்பெக்குக்கு ஒரு காட்சி தேவைப்பட்டது, நமக்கு அகராதியே போதும்.

பசித்தவன் முன்னால் மதம் எப்படி வந்து நிற்கிறது என்பதில் நாவல் ரொம்பக் கறார். அரசு முகாமில் ஒரு பெண், சால்வேஷன் ஆர்மியிடம் சாப்பாட்டுக்குப் போன கதையைச் சொல்கிறாள். சாப்பாடு கிடைத்தது. ஆனால் அதற்காகத் தங்களைத் தவழவைத்ததை அவளால் மன்னிக்கவே முடியவில்லை. அதே முகாமில் இன்னொருத்தி, கர்ப்பிணியான ரோஸ் ஆஃப் ஷாரனிடம் வந்து, ஆட்டம் பாட்டமெல்லாம் பாவம், வயிற்றுப் பிள்ளை தங்காது என்று மிரட்டிவிட்டுப் போகிறாள்.

கேஸியோ டாமுக்குப் பதிலாகப் பழியை ஏற்று ஜெயிலுக்குப் போகிறார். அங்கே கைதிகளுக்குப் புளித்துப்போன பீன்ஸ் தருகிறார்கள். ஒருத்தன் கத்தினான், ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரும் சேர்ந்து கத்தியதும் வேறு சாப்பாடு வந்தது. வனாந்தரத்தில் தனியாக உட்கார்ந்து தேடியது அவருக்குக் கிடைத்தது இங்கேதான். நாவலின் உச்சமான இறையியல் எது என்று கேட்டால் இந்தப் பீன்ஸைத்தான் சொல்வேன்.

அதனால்தான் அவருடைய மரணம் எனக்கு உறுத்துகிறது. பீச் பழம் பறிக்கப் பெட்டிக்கு 5 சென்ட் கொடுத்தவர்கள் அதைப் பாதியாக்குகிறார்கள். வேலைநிறுத்தத்தில் நிற்கும் கேஸியைக் கட்டையால் அடித்துக் கொல்கிறார்கள். அந்தக் கூலிக்கணக்கே போதுமே. கடைசி வார்த்தையில் சிலுவையின் எதிரொலியை எதற்காகச் சேர்க்க வேண்டும்? முதலெழுத்துகளைக் கண்டுபிடிப்பவர்களுக்கு ஸ்டைன்பெக்கே தீனி போட்டுவிட்டார்.

அம்மாவுக்கு அப்படி எந்தப் புனித அடையாளமும் இல்லை. ஹூவர்வில் முகாமில் அவள் குழம்பு கொதிக்கவைக்கும்போது ஊர்ப்பட்ட பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கிறார்கள். சொந்த வீட்டுக்கே அது காணாது. வீட்டு ஆட்களுக்கு அளந்து ஊற்றி, கூடாரத்துக்குள் போய்ச் சாப்பிடச் சொல்கிறாள். மிச்சத்தைச் சுரண்டித் தின்ன ஆளுக்கொரு தட்டைக்குச்சி தேடிவரச் சொல்லிப் பானையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுகிறாள். செய்தது நல்லதா கெட்டதா என்று அவளுக்கே தெரியவில்லை.