கண்ணுக்கு மேல் இரண்டு பொட்டு

கன்னி நாயை முதலில் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். ஆழமான நெஞ்சு, அங்கிருந்து சட்டென்று மேலேறி ஒட்டிப்போன வயிறு, எண்ணிவிடலாம் போன்ற விலா எலும்புகள். சோறே போடுவதில்லையா என்று பட்டணத்து உறவினர் கேட்பார். ஓடுவதற்கென்றே வாய்த்த உடம்பு அது. பிறகு முகம். கறுத்த நெற்றியில், கண்ணுக்கு மேல், இளம்பழுப்பில் இரண்டு பொட்டு. தூங்கும்போதுகூட நம்மைப் பார்ப்பதுபோல இருக்கும்.

கரிசல் காட்டில் முயலை விரட்டிப் பிடித்த இனம். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, வேட்டை போயிற்று. சட்டம் நியாயமானதுதான். ஆனால் நாய்க்கு வேலை இல்லாமல் போனது. வேலையில்லாத நாய்க்கு யார் கஞ்சி ஊற்றுவார்கள்? அந்த இடத்தில் லாப்ரடார் வந்து படுத்துக்கொண்டது.

ராஜபாளையம் நாய்க்கு வந்த கேடு வேறு. பால் வெள்ளைத் தோலும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் அழகு என்று வெள்ளையையே வெள்ளையோடு சேர்த்ததில், காது கேளாத குட்டிகள் பிறந்தன. குட்டி வாங்கப் போனால் அதன் முதுகுக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டைத் தட்டிப் பாருங்கள். திரும்பாவிட்டால் புரிந்துவிடும்.

2005இல் ராஜபாளையத்துக்கு அஞ்சல்தலை வெளியிட்டார்கள். மகிழ்ச்சிதான், ஆனால் அஞ்சல்தலை குட்டி போடாதே! என் நம்பிக்கையெல்லாம், எந்த ஈற்றில் எந்தக் குட்டி, தாய் எது, தகப்பன் எது என்று பழைய கணக்கு நோட்டில் எழுதிவைக்கும் வளர்ப்பாளர்கள்மேல்தான்.