மாமாஜி சுட்ட தோசை

ஓர் இரண்டாவது சனிக்கிழமை. வங்கிக்கு விடுமுறை. நண்பர் ஒருவரின் வற்புறுத்தலுக்காக ஓர் ஆரம்பப் பள்ளியின் 'உலகக் குடிமக்கள் வாரத்தில்' போய் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் வகுப்பு. சுவரில் உலகப் படம். தேசத்துக்கு ஒரு கதை என்று ஏற்பாடு. அன்றைய கதை 'லிட்டில் பாபாஜி'. புலிகள் ஒன்றன் வாலை ஒன்று கவ்விக்கொண்டு மரத்தைச் சுற்றி ஓடி, நெய்யாக உருகிவிடுகின்றன. அந்த நெய்யில் பாபாஜியின் அம்மா பான்கேக் சுடுகிறாள். டீச்சர் தோசை என்றே சொன்னார், தப்பில்லை. அந்த அம்மாவின் பெயர் மாமாஜி.

ஒரு பெண் எழுந்து, "மாமாவா மிஸ் தோசை சுட்டாரு?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. "அந்த ஊர்ல அப்படித்தான் கூப்பிடுவாங்க" என்று டீச்சர் பக்கத்தைத் திருப்பினார்.

அந்த ஊர் என்பது இந்தியா.

இந்தப் புத்தகத்தின் பூர்வீகம் பலருக்கும் தெரிந்திருக்கும். 1899ல் லண்டனில் வெளியான 'லிட்டில் பிளாக் சாம்போ'தான் இது. எழுதியவர் ஹெலன் பானர்மன், ராணுவ மருத்துவர் ஒருவரின் ஸ்காட்லாந்து மனைவி. கொடைக்கானலில் தன் இரண்டு பெண்களை விட்டுவிட்டுச் சென்னை திரும்பும் ரயிலில் இதைக் கற்பனை செய்தார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. புலியும் நெய்யும் கடைத்தெருவும் நம்முடையவை. பெயர்களும் படங்களும் வேறெங்கிருந்தோ வந்தவை. அப்பா ஜம்போ, அம்மா மம்போ. சேர்த்துப் படித்தால் ஆங்கிலத்தில் உளறல் என்று அர்த்தம். படங்களில் கறுப்பர்களைக் கேலி செய்யும் தடித்த உதடுகள். காப்புரிமையை ஐந்து பவுனுக்கு விற்றுவிட்டார் (இதெல்லாம் என் உத்தியோகத்தில் கண்ணில் பட்டே தீரும்). விளைவு, அமெரிக்காவில் கண்டவர்களும் படம் போட்டார்கள், மூலத்தைவிடக் கேவலமாக. சாம்போ என்பது அங்கே ஏற்கனவே வசைச்சொல். லாங்ஸ்டன் ஹ்யூஸ் 1932லேயே கண்டித்து எழுதினார். பிறகு பல பள்ளி நூலகங்களிலிருந்து புத்தகம் வெளியேறிற்று.

1996ல் இரண்டு திருத்தங்கள் வந்தன. ஒன்று பிரெட் மார்ஸலினோ படம் வரைந்த 'பாபாஜி'. பானர்மனின் வாசகம் ஏறக்குறைய அப்படியே இருக்க, பெயர்கள் மட்டும் மாறின. படங்கள் அழகு, தலைப்பாகை, குடை, காடு எல்லாம் துலக்கமாக இருக்கின்றன. ஆனால் பாபாஜி என்பது நம் காதில் தாடி வைத்த சாமியார். மாமாஜி ஹிந்தியில் அம்மாவின் தம்பி அல்லது அண்ணன். ஓர் இனத்துக்கு இழைத்த அவமரியாதையைத் துடைக்கப் புறப்பட்டவர்கள், துடைத்த இடத்தில் குடிவைத்த ஜனங்களின் வீட்டுக் குழந்தை ஒன்றிடம் அம்மாவை எப்படிக் கூப்பிடுவாய் என்று கேட்கவில்லை. ஒரு 'ஜி' போதுமென்று பட்டிருக்கிறது. கெட்ட எண்ணம் ஏதுமில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

இன்னொன்று ஜூலியஸ் லெஸ்டர் சொல்லி, ஜெர்ரி பிங்க்னி வரைந்த 'சாம் அண்ட் த டைகர்ஸ்'. லெஸ்டர் கறுப்பர். சிறுவயதில் சாம்போவைப் படித்தபோது ஏற்பட்ட கூச்சத்தையும், கூடவே கதை பிடித்துப்போன குழப்பத்தையும் சொல்லியிருக்கிறார். அங்கிள் ரீமஸ் கதைகளை வெள்ளைக்காரர் ஒருவரின் புத்தகத்திலிருந்து மீட்டுத் திரும்பச் சொன்னவரும் இவர்தான். அவருடைய கற்பனை ஊரில் எல்லோருக்கும் பெயர் சாம். அப்பா சாம், அம்மா சாம், பிள்ளை சாம். வசையின் முதல் பாதியை எடுத்து ஊருக்கே வைத்துவிட்டார். குரல் அமெரிக்கத் தெற்கின் கறுப்பர் கதைசொல்லியின் குரல். அங்கே புலி ஏது என்று யாரும் கேட்பதில்லை. கேட்கவிடாத தொனி அது. இந்தியாவை அவர் விட்டுவிட்டார், அதில் நமக்கு நஷ்டமில்லை. காயம் பட்டவன் தானே சொல்ல வந்தபோது கதைக்கு மறுபடி உயிர் வந்தது. பாபாஜியில் யாருக்கும் எதுவும் பட்டதாகத் தெரியவில்லை.

ஐ.நா. 2015ல் ஏற்ற இலக்குகளில் உலகக் குடியுரிமையைக் கற்பித்தலும் பண்பாட்டுப் பன்மையை மதித்தலும் சேர்ந்திருக்கின்றன; நமது 2020 கல்விக் கொள்கையும் அந்த வார்த்தையைச் சொல்கிறது. ஆட்சேபணை இல்லை. பிற தேசத்துக் கதைகள் ஆரம்பப் பள்ளிக்கு வேண்டும், நிறையவே வேண்டும். ஆனால் கதையை அந்த தேசத்து மாதிரிச் சரக்காக வாங்கி, இவர்கள் இப்படி உடுப்பார்கள், இப்படித் தின்பார்கள் என்று காட்டுகிற உபயோகம் கதையைக் கொல்கிறது. அந்தப் பெண்ணின் கேள்விதான் அன்று வகுப்பில் நடந்த ஒரே இலக்கிய விமர்சனம். ஒரு சொல் பொய்யாக ஒலித்ததைக் காது பிடித்துவிட்டது. டீச்சரைக் குறை சொல்லி என்ன? 'அந்த ஊர்' என்று அவரை நினைக்கவைத்தது புத்தகம். அவருக்கே அவர் ஊர் அயலாகிவிட்டது. பழைய புத்தகம் கறுப்புப் பிள்ளைகளுக்குச் செய்ததோடு இதை நான் ஒப்பிட மாட்டேன், அது மகா அநியாயம். வழி ஒன்றுதான் என்று மட்டும் தோன்றுகிறது.

கடைசியில் பாபாஜி 169 பான்கேக் தின்கிறான். மூலத்திலும் அதே எண்தான், யாரும் திருத்தவில்லை. அந்த இடத்தில் வகுப்பு மொத்தமும் கூச்சல் போட்டது. முடியாது என்றான் ஒரு பையன். நெய் ஊற்றினால் முடியும் என்றான் இன்னொருவன். புலிநெய் சூடு, வயிற்றுக்காகாது என்று அந்தப் பெண். இது ஐந்து நிமிஷம் நடந்திருக்கும். எந்த தேசத்துப் புலி என்பது யார் ஞாபகத்திலும் இல்லை. டீச்சர் மேஜையைத் தட்டிவிட்டு, அச்சடித்த தாள்களை விநியோகித்தார். முதல் கேள்வி: இந்தக் கதை எந்த நாட்டைச் சேர்ந்தது? எனக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தேன், மணி அடித்துவிட்டது.