நோல்டேயின் துறைமுக ஓவியத்தில் நீர்ப்பிம்பம்: எண்ணூர்க் கழிமுகத்தை முன்வைத்து ஒரு நோக்கு

ஓவியத் திறனாய்வில் நீர்ப்பரப்பு பெரும்பாலும் கண்ணாடியாகவே கொள்ளப்படுகிறது. ‘இலக்கியம் காலத்தின் கண்ணாடி’ என்று நம் ஆய்வேடுகள் சலிப்பின்றி எழுதுவதும் இக்கருத்தின் நீட்சியே. செருமானிய வெளிப்பாட்டிய ஓவியர் எமில் நோல்டே 1910-இல் ஹாம்பர்க் துறைமுகத்தைத் தீட்டிய ஓவியங்கள் இவ்வுவமையை ஐயுற வைக்கின்றன என்பதே இக்கட்டுரையின் கருத்து.

அவற்றுள் ‘எல்பே ஆற்றில் இழுவைப்படகு’ குறிப்பிடத்தக்கது. 1872-இல் லெ ஹாவ்ர் துறைமுகத்தைத் தீட்டிய மோனே, கதிரவனின் பிம்பத்தைச் சில செம்மஞ்சள் கீற்றுகளாக உடைத்தார். எனினும் அக்கீற்றுகள் கதிரவனுக்குக் கீழேயே நிற்கின்றன. பொருளுக்கும் பிம்பத்துக்கும் உள்ள உறவு அங்கு முறியவில்லை. நோல்டேயிடம் அது தளர்கிறது. புகையும் நீரும் ஏறத்தாழ ஒரே வகைத் தடித்த தீற்றல்களால் ஆகின்றன. படகின் தலைகீழ் உருவத்தைத் தேடும் கண்ணுக்கு நிறமே எஞ்சுகிறது. இதனை உணர்ச்சிப் பெருக்கு என்று கூறிக் கடந்துவிடுவது எளிது. (வெளிப்பாட்டியம் பற்றிய பாடநூல் விளக்கங்கள் பலவும் அவ்வாறே கடக்கின்றன.) ஆனால் கலங்கிய நீரில் ஒவ்வொரு சிற்றலையின் சாய்வும் வானின் வெவ்வேறு பகுதியைக் காட்டுகிறது, உருவம் சிதைந்து நிறம் மிஞ்சுவது இயற்பியல் உண்மையும்கூட.

இதன் மறுதலையை நம் கரையில் காணலாம். திருவள்ளூர் மாவட்டத்தின் வழியே வரும் கொசஸ்தலையாறு எண்ணூரில் கடலோடு கலக்கிறது. அக்கழிமுகத்தின் அருகே காமராசர் துறைமுகமும் வடசென்னை அனல்மின் நிலையமும் உள்ளன. 2017 சனவரி 28 அன்று துறைமுகத்துக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கசிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்திலேயே பரவியது. நீரின்மேல் படரும் எண்ணெய் சிற்றலைகளை அடக்கும் இயல்புடையது. அடங்கிய பரப்பு உருவத்தை முன்னினும் தெளிவாகக் காட்டும். மாசுற்ற நீரே சிறந்த கண்ணாடியாகும் முரண் இது.

ஆகவே இக்கழிமுகத்தைத் தீட்டும் ஓவியமொன்றில் புகைபோக்கிகளின் பிம்பம் நேர்த்தியாக விழுந்திருப்பின், அதனை ‘நெய்தலின் அமைதி’ எனப் பொருள்கொள்வதற்கு முன், நீரின்மேல் என்ன படர்ந்துள்ளது என்று திறனாய்வாளர் கேட்டாக வேண்டும். 2023-இல் மீனவர்களின் படகுகளிலும் வலைகளிலும் அப்பிய கருமை எந்தப் பிம்பத்திலும் தென்படாது.

இதனால் நோல்டேயைச் சூழலியல் ஓவியராக்க வேண்டியதில்லை. அவருடைய தீற்றல்களில் புகையின்மீது கொண்ட களிப்பே மிகுதி. ஆயினும் இழுவைப்படகு உழுத நீரை அவர் கண்ணாடியாக்கவில்லை.