பச்சைப் பொய்யும் வெள்ளைப் பொய்யும்

கிருத்திகைக்குத் திருப்போரூர் போயிருந்தபோது அவ்வூர் நண்பர் ஒருவர் தாம் மொழிபெயர்த்த ஆங்கிலச் சிறுகதை ஒன்றைக் கொடுத்து அபிப்பிராயம் கேட்டார். தரிசனம் முடிந்து, சரவணப் பொய்கைப் படியில் உட்கார்ந்து படித்தேன். நடை நன்றாகத்தான் ஓடியது. ஆனால் மூலத்தில் 'லை' என்று வந்த இடத்திலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு 'பொய்' என்று போட்டிருந்தார். அங்கேதான் இடறியது.

'லை' என்பது ஆங்கிலேயனுக்குக் கன்னத்தில் அறைகிற சொல். ஏமாற்றும் எண்ணம் அதற்குள்ளேயே இருக்கிறது. பிரிட்டிஷ் காமன்ஸ் சபையில் சக அங்கத்தினர்மேல் அதை வீசினால் சபாநாயகர் வாபஸ் வாங்கச் சொல்லிவிடுவார். 1906-ல் சர்ச்சில் அங்கே வேறு ஏதோ விவாதத்தில், 'சொல்லாட்சிப் பிசகு' என்று பொருள்படும் நீளமான தொடர் ஒன்றைச் சொல்லிவைத்தார். பிற்பாடு, 'லை' என்று சொல்லத் துணியாதவர்களுக்கெல்லாம் அது கைத்தடியாயிற்று.

நம்முடைய பொய் அப்படியா? இங்கே வானம்கூடப் பொய்க்கிறது. ஏரியை நம்பிய செங்கற்பட்டுச் சீமையில் மழை பொய்த்தால், எந்தக் குடியானவனும் வருணனைப் பொய்யன் என்று வையமாட்டான். வரவேண்டியது வரவில்லை, அவ்வளவுதான். பொய்க்கால் குதிரையும் யாரையும் ஏமாற்றுவதில்லை. கட்டைக் கால் என்று தெரிந்துதானே பார்க்கிறோம்! சிவனைத் தவிர யாரையும் பாடேன் என்று முரண்டிய பொய்யாமொழிப் புலவரை மடக்க, முருகன் வேடனாக வந்து தன் பெயர் முட்டை என்றானாம். அதைப் போய்ப் பொய் என்போமா? திருவிளையாடல் என்கிறோம்.

நிஜமாகவே பொய் சொல்கிறவனுக்கும் நம்மிடம் தரம் உண்டு: அளக்கிறான், கதை விடுகிறான், கயிறு திரிக்கிறான், புளுகுகிறான். ஆகாசப் புளுகும் உண்டு. (ஆகாயத்திலே போர் நடந்த தலத்தில் உட்கார்ந்துகொண்டு அதைப் பற்றி அதிகம் பேசக் கூடாது.) நண்பரோ ஓரிடத்தில் 'வெள்ளைப் பொய்' என்று எழுதியிருந்தார். ஆங்கிலத்தில் வெள்ளை என்றால் தீங்கற்றது. நம் ஊரில் பொய்க்குத் தெரிந்த ஒரே நிறம் பச்சை. அது மகா பாதகம்!

இதெல்லாம் போகட்டும். கதையின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. சாகக் கிடக்கும் கணவனிடம், தூர தேசம் போன பிள்ளை கடிதம் போட்டதாகச் சொல்லி, வெற்றுத் தாளைப் பார்த்து வாசிக்கிறாள் மனைவி. கூடவே மகளும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவர் போன பிறகு, "நான் பொய் சொன்னேன்" என்று மகளிடம் ஒப்புக்கொள்கிறாள்.

எந்தத் தமிழ்த் தாய் இப்படிப் பேசுவாள்? "மனசு கேக்கலைடி, அப்படிச் சொல்லிட்டேன்" என்பாள். தான் செய்ததற்குப் பெயர் வைக்கவே அவளுக்கு வாய் வராது. குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தது என்று வள்ளுவரே இடம் கொடுத்திருக்கிறார். அந்த இடத்தில்தான் அவள் நிற்கிறாள். என் தகப்பனாரின் கடைசி நாட்களில் நானும் நின்றிருக்கிறேன். இன்றுவரை அதைப் பொய் என்று நான் நினைத்ததில்லை.

நண்பரிடம் இவ்வளவும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். "என்கிட்டயும் பொய் சொன்னியேம்மா" என்கிறாள் மகள். அண்ணன் கடிதத்தை அவளும் நம்பித்தானே இருந்தாள்?

"இதையும் மாற்றிவிடட்டுமா?" என்றார்.

எனக்குச் சற்று நேரம் பேச்சு எழவில்லை. "வேண்டாம். மற்ற இடங்களில் எல்லாம் எடுத்துவிடுங்கள். இங்கே மட்டும் பொய் என்றே இருக்கட்டும்" என்றேன்.