வெல்லாவெளியில் ஒரு பறவை போதும்

களுவாஞ்சிகுடியிலிருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தால் எழுவான்கரை போய், வெல்லாவெளி இருக்கிற படுவான்கரை வந்துவிடும். மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் ஊரார் வைத்த பெயர்கள் இவை. பறவை பார்க்கப் போகிறவனுக்கு இதில் ஒரு வசதி உண்டு. காலையில் மேற்கே போனால் வெயில் முதுகில் விழும். கண் கூசாது, சிறகின் நிறம் உள்ளபடி தெரியும். மாலையில் அதே பக்கம் பார்த்தால் நாரையும் கொக்கும் ஒரே கறுப்புத்தான்.

இலங்கையின் முதல் ராம்சார் தலமாக 1990இல் அறிவிக்கப்பட்ட புந்தலவுக்கும், கூடுகட்டும் காலத்துக் குமணவுக்கும் போய்வந்த நண்பர்கள் வெல்லாவெளி என்றதும் உதட்டைப் பிதுக்குவார்கள். அங்கே எத்தனை இனம் கண்டாய் என்பதுதான் அவர்களுடைய முதற் கேள்வி. எனக்கு அந்தக் கணக்கில் அவ்வளவு பிடிப்பில்லை. வெல்லாவெளி வட்டைக்கு வாசலும் கிடையாது, நுழைவுச்சீட்டும் கிடையாது. வயல், வாய்க்கால், குளம், வாவியோரக் கண்டல் என்று ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கிற நிலம். பறவைகளுக்கு நாள் குறித்துக் கொடுப்பதும் இங்கே வேளாண்மைக்காரர்தான். வடகீழ்ப் பருவமழையோடு பெரும்போகத்துக்கு உழவு தொடங்கினால் உழவு மெசினுக்குப் பின்னால் உண்ணிக்கொக்குகள் வரிசை கட்டும். மத்திய ஆசிய வலசைப் பாதையில் வந்து சேரும் மீசை ஆலாக்கள் நீர் நின்ற வயலுக்கு மேலே தாழப் பறந்து பூச்சி பொறுக்கும். மழை ஓய்ந்து குளத்து நீர் வற்றத் தொடங்கும்போது கூழைக்கடாவும் கரண்டிவாயனும் மஞ்சள்மூக்கு நாரையும் சேற்று விளிம்புக்கு வரும்.

இத்தனையும் இருக்க, நான் போவது நத்தைகொத்தி நாரைக்காக. சாம்பல் கலந்த வெள்ளை உடம்பு, கறுத்த சிறகு. அழகுப் போட்டியில் மஞ்சள்மூக்கு நாரைக்குப் பக்கத்தில்கூட நிற்காது. ஆனால் அதன் அலகைப் பாருங்கள். மேலலகும் கீழலகும் நுனியில் சேர்ந்திருக்கும், நடுவில் மட்டும் ஒரு இடைவெளி. பாக்குவெட்டி வளைந்து போனதுபோல. ஒருநாள் வரம்பில் குந்தியிருந்து நான் பார்ப்பதைக் கண்ட ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன மனே, உதுக்கு வாய் ஒடிஞ்சி போச்செண்டு பாக்கிறயா? பொறப்பே அப்பிடித்தான்."

பாதி சரி. குஞ்சு நேரான அலகோடுதான் பொரிக்கிறது. வளர வளரத்தான் இந்தச் சந்து விழுகிறது. நத்தையை நடுவில் வைத்துப் பாக்குப்போல நெரிக்கத்தான் இந்த இடைவெளி என்று நெடுங்காலம் பலரும் நம்பினார்கள். உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி 1960இல் இந்த அலகைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதினார். வெல்லாவெளி வரம்பில் குந்தியிருந்தால் நெரிப்பதைக் காண மாட்டீர்கள். கால் மூழ்கிய நீரில் அலகை விட்டுத் துழாவும். தட்டுப்பட்டதும் மேலலகால் நத்தையைச் சேற்றோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். கூரிய கீழலகு ஓட்டின் வாயைத் தேடும். கத்தி நுனிபோல அதை உள்ளே செலுத்தி, தசை ஓட்டோடு ஒட்டியிருக்கும் இடத்தை அறுக்கும். ஒரு உதறல். சதை தொண்டைக்குள் போய்விடும், ஓடு பெரும்பாலும் முழுசாக நீரில் கிடக்கும். நீருக்கடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அலகின் உணர்வை வைத்தே நடக்கிற வேலை இது. நுங்கு சீவுகிற கைப்பழக்கம் உள்ளவரைப் பார்த்திருந்தால் இதன் அருமை விளங்கும். பறவை போனபின் இறங்கிப் போய் ஒரு ஓட்டை எடுத்துப் பார்த்தேன். கீறலே இல்லை.

தாமரை இலையில் நடக்கும் நீளவால் இலைக்கோழியையும் சொல்லாமல் விடமுடியாது. அதில் பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆணின் பாடு. இதைக் கேட்டு அந்தப் பெரியவர் வெகுநேரம் சிரித்தார்.

படக்கருவியோடு வருகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சிறகை விரிக்கட்டும் என்று கல்லெறிகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அது ரசனையில் சேராது. ஒரு பறவை இரை தின்று முடிக்கும்வரை அசையாமல் இருக்கத் தெரிந்தவருக்கு எட்டுக்கு நாற்பது தூரக்கண்ணாடி ஒன்று போதும்.

தை, மாசியில் போங்கள். விடியற்காலையில் போய்ச் சேருங்கள். மங்கல் நிறச் சட்டை போடுங்கள். விளைந்த வேளாண்மைக்குள் கால் வைக்காமல் வரம்பிலேயே இருங்கள். ஆக்காட்டி விடாமல் கத்தினால் அதன் முட்டைக்குக் கிட்ட வந்துவிட்டீர்கள் என்று பொருள், பின்வாங்குங்கள். மாலை ஐந்து மணிக்கெல்லாம் பெருந்தெருவுக்கு ஏறிவிட வேண்டும். இருட்டினால் காட்டுப் பக்கமிருந்து ஆனை இறங்கும். காவல் வாடிகளில் ஆனைவெடி கேட்கத் தொடங்கும்.